காதில் மாட்டிய நாடி: முத்தையன்கட்டில் ஆறு கிழமைகள்

காதுச் சோணையைக் கவ்விப் பிடிக்கும் ஒரு சிறு கிளிப், அதிலிருந்து இரண்டு முழத்துக்குத் தொங்கும் வயர், வயரின் முனையில் தீப்பெட்டியளவு பெட்டி, அந்தப் பெட்டியோடு புளூடூத்தில் இணையும் கைபேசிச் செயலி. பொருள் இவ்வளவுதான். கொழும்பிலுள்ள இணையக் கடையொன்றின் ஊடாக 28,500 ரூபா கொடுத்து இதை வாங்கினேன். கூரியர் கட்டணம் வேறு. இதயத்தையும் மூளையையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, பயம், கோபம், கவலை மூன்றையும் ஆறு கிழமைகளில் அடக்கித் தரும் என்று அதன் உறையில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். அவர்கள் சொன்ன ஆறு கிழமையும் நாளுக்கு இருமுறை, பத்துப் பத்து நிமிடமாகப் பாவித்து முடித்த பிறகே இதை எழுதுகிறேன்.

வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு நான்கு வருடங்களாகப் பிரஷர் குளிசை உண்டு. மாதக் கிளினிக்கில் கைப்பட்டியைக் கட்டியவுடன் எனக்கு வரும் அளவு ஒன்று, அரை மணி நேரம் வாங்கில் இருத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது வரும் அளவு இன்னொன்று. கடைசி முறை முதலில் 158/94 என்று வந்தது. பிறகு 136/84 ஆக இறங்கியது. தாதியார் சிரித்துக்கொண்டே, "ரீச்சர், உங்களுக்குப் பிரஷரை விட எங்களைக் கண்ட பயந்தான் கூட" என்றார். பிள்ளைகளுக்குப் பரிவு நரம்பு, பரபரிவு நரம்பு என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்து காட்டிய எனக்கு, என்னுடைய நரம்புத்தொகுதி என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இதயத்தை விரைவுபடுத்திப் பதறவைக்கும் நரம்புக்கு நம் பாடநூல்காரர் பரிவு என்று பெயர் வைத்ததை நினைத்து வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது சிரிக்கும். இந்த ஆறு கிழமையில் அந்தச் சிரிப்பு பலமுறை நினைவுக்கு வந்தது.

முதல் சிக்கல் தோடு. கிளிப் சரியாகக் கவ்வ வேண்டிய இடத்தில்தான் எங்கள் பெண்களுக்குத் தோடு இருக்கிறது. தோட்டுக்கு மேலே மாட்டினால் வழுகி விழுகிறது. தோட்டின் மீதே மாட்டினால் எதையும் வாசிக்காது. சுரையைத் திருகித் தோட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டியிருந்தது. இதை வடிவமைத்தவர்கள் வெறுங்காதை மட்டுமே மனதில் வைத்திருந்தார்கள் போலும். இரண்டாவது சிக்கல் வெயில். கிளிப் செய்வது ஒளியைச் சோணைக்குள் பாய்ச்சி, மறுபக்கத்தில் வந்துசேரும் ஒளி எவ்வளவு என்று அளப்பதுதான். இதயம் ஒருமுறை துடித்து இரத்தம் சோணைக்குள் வரும்போது ஒளி கொஞ்சம் அதிகமாக உறிஞ்சப்படும். அந்த ஏற்ற இறக்கமே நாடி. மதியத்தில் மாமரத்தடியில் இருந்து பார்த்தபோது இலை அசைந்து வெயில் காதில் விழுந்து விழுந்து மறைய, அதையும் நாடியென்று எண்ணி எனக்கு 190 காட்டியது. உள்ளே, சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தால் பிழையில்லை. மூன்றாவது, செயலி. கருவிக்கும் கைபேசிக்கும் இடையே இணையம் தேவையில்லை என்றாலும், ஒவ்வொரு நாளும் உள்நுழையும்போது செயலி இணையத்தைக் கேட்கிறது. முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரையில் எங்கள் வளவில் சிக்னல் கிணற்றுக்கட்டடியில்தான் நன்றாக எடுக்கும். ஆகவே கிணற்றடிக்குப் போய் உள்நுழைந்து, கைபேசியை அணைக்காமல் அறைக்குக் கொண்டுவந்து, தோட்டைக் கழற்றி, கிளிப்பை மாட்டி, பிறகு அமைதியாக இருக்க வேண்டும். அமைதிக்கு முன்னால் இவ்வளவு அலைச்சல். தமிழ் இடைமுகம் கிடையாது, சிங்களமும் இல்லை.

இனி, கருவி எதை அளக்கிறது என்பது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் சரியாக ஒரே நேரம் இருக்கும் என்றே பலர் நினைக்கிறார்கள். சுகமான இதயத்தில் அப்படி இருப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கையில் துடிப்புகள் நெருங்குகின்றன. வெளியே விடுகையில் விலகுகின்றன. ஒரு இடைவெளி 780 மில்லிசெக்கன் என்றால் அடுத்தது 830, அதற்கடுத்தது 880 என்று போகும். கருவி இந்த இடைவெளிகளை வரிசையாகக் குறித்து, துடிப்பின் வேகமாக மாற்றி ஒரு கோடாக வரைகிறது. மூச்சும் கோடும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் திரை பச்சையாகிறது, ஓரளவு சேர்ந்தால் மஞ்சள், சேராவிட்டால் சிவப்பு. செயலி பேசும் ஒத்திசைவு, சமநிலை, உள்ளமைதி எல்லாமே இந்த ஒரு கோட்டின் வடிவத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர்கள்.

அந்த வடிவம் ஏன் நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் அழகாக வருகிறது என்பதே இந்தக் கருவியின் உண்மையான சரக்கு. கையேட்டில் அதற்கு அரைப்பக்கமும் ஒதுக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும், கழுத்தில் தலைக்குப் போகும் நாடியின் கிளைப்பிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. இரத்த அழுத்தம் ஏறினால் அவை மூளையின் அடிப்பகுதியான நீள்வளைய மையவிழையத்துக்குச் செய்தி அனுப்பும், அங்கிருந்து வேகசு என்ற பரபரிவு நரம்பின் வழியாக இதயத்துக்குக் கடிவாளம் விழும், துடிப்பு குறையும், அழுத்தம் இறங்கும், இறங்கியதும் கடிவாளம் தளரும். இந்தச் சுற்று ஒருமுறை போய்வர ஏறத்தாழ 10 செக்கன் எடுக்கிறது. நாமும் 10 செக்கனுக்கு ஒரு மூச்சு என்று விட்டால், மூச்சின் தாளமும் அழுத்தத்தின் தாளமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஊஞ்சல் பின்னால் வந்து நிற்கும் கணத்தில் தள்ளினால் எப்படி உயர உயரப் போகுமோ, அப்படித் துடிப்பின் ஏற்ற இறக்கம் பெருக்கிறது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அது ஊஞ்சலைக் கண்டபடி தள்ளுவது போல. ஆளுக்கு ஆள் அந்தத் தாளம் சிறிது வேறுபடும். எனக்கு நாலரை செக்கன் உள்ளே, ஆறு செக்கன் வெளியே என்பது பொருந்தியது. அதைக் கண்டுபிடித்துத் தந்ததற்காகக் கருவிக்கு நன்றி சொல்ல வேண்டும். முதல் கிழமை முடியுமுன்னே கண்டுபிடித்துத் தந்தது.

கையேடு வேறு பல விடயங்களைச் சொல்கிறது. மூளை இதயத்துக்கு அனுப்புவதைவிட இதயம் மூளைக்கு அனுப்பும் செய்திகளே அதிகம், ஆகவே இதயந்தான் தலைவன் என்கிறது. இதில் பாதி உண்மை. வேகசு நரம்பின் இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு கீழிருந்து மூளைக்குப் போகிறவை. ஆனால் அவை இதயத்திலிருந்து மட்டும் புறப்படவில்லை. இரைப்பை, குடல், சுவாசப்பை எல்லாவற்றின் செய்தியும் அதில்தான் போகிறது. எண்ணிக்கையை வைத்துத் தலைமையை முடிவு செய்வதென்றால் குடலுக்கல்லவா முடி சூட்ட வேண்டும்? மூளை இதயத்தை அடக்குவது எப்படி என்பதை 1921 இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒன்றின் வேகசு நரம்பைத் தூண்ட, அதன் துடிப்புத் தணிந்தது. அந்த இதயம் கிடந்த திரவத்தை எடுத்து மற்ற இதயத்துக்கு விட, நரம்பே தொடாத அதுவும் தணிந்தது. அந்தத் திரவத்தில் இருந்தது, நரம்பு விடுகிற அசற்றைல்கோலின் என்ற இரசாயனம். 1936 இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நான் பல வருடங்கள் படிப்பித்த இந்தப் பரிசோதனையைக் கையேட்டில் தேடினேன், இல்லை.

இதயத்துக்குச் சொந்தமாக ஒரு சின்ன மூளை உண்டு என்பதும் கையேட்டில் பெரிய எழுத்தில் இருக்கிறது. இதயச் சுவரோடு பல்லாயிரம் நரம்புக் கலங்கள் கூட்டமாய் இருப்பது மெய்; துடிப்பை அந்தந்த இடத்திலேயே சீர்செய்வதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. அதிலிருந்து, இதயம் தானாக நினைக்கிறது, அன்பு செலுத்துகிறது என்று தாவுவதற்குப் பாலம் கிடையாது. இதயமாற்றுச் சிகிச்சையில் மூளையிலிருந்து வரும் நரம்புகள் அறுக்கப்படுகின்றன. புதிய இதயம் வேகசின் கடிவாளம் இல்லாமல், சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கிறது. பயந்தால் உடனே ஏறாது, இரத்தத்தோடு அதிரீனலின் வந்து சேர்ந்த பிறகே மெல்ல ஏறும். ஆனாலும் அந்த மனிதர்கள் தங்கள் பிள்ளைகளை முன்போலவே நேசிக்கிறார்கள், முன்போலவே கோபிக்கிறார்கள். இதயத்தின் காந்தப்புலம் பக்கத்தில் இருப்பவரின் மனநிலையை மாற்றும் என்ற பகுதியை நான் பென்சிலால் குறுக்கே வெட்டிவிட்டேன். அந்தக் காந்தப்புலம் இருப்பது உண்மை. பூமியின் காந்தப்புலத்தில் அது ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அதை அளக்க விசேட உணரியும் பெரும்பாலும் காந்தக் காப்பிட்ட அறையும் வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் இதயம் வாய்மூடி வேலை செய்யும் பம்பி மட்டுமே என்று நான் எண்ணுவதாகக் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அழுத்த உணரிகள் மூளைக்குத் தட்டி அறிவிக்கின்றன. அந்தச் செய்தி உணர்வோடு தொடர்புடைய அமிக்டலா, இன்சுலா என்ற மூளைப் பகுதிகள் வரைக்கும் போகிறது. 2014 இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வொன்றில், இதயம் சுருங்கும் கணத்தோடு சேர்த்துக் காட்டப்பட்ட பயந்த முகங்களை, இதயம் தளரும் கணத்தில் காட்டப்பட்டவற்றைவிடக் கடுமையான பயமாக மக்கள் மதிப்பிட்டார்கள். 2023 இல் அமெரிக்காவில், எலிகளின் இதயத்தை வெளியிலிருந்து ஒளியால் தூண்டி நிமிடத்துக்கு 900 துடிப்பு வரை ஓடவிட்டபோது, ஆபத்துள்ள இடங்களில் அவை கூடுதலாகப் பதுங்கின; இன்சுலாவின் பின்பகுதியை அடக்கியதும் அந்தப் பதுக்கம் குறைந்தது. இதயத்தின் ஓட்டம் மனதைக் கலக்குவது உண்மை. ஆனால் அந்த ஓட்டத்துக்கு என்ன பொருள் என்று தீர்மானிப்பது மூளை.

இதை நான் வாசித்து அறிந்ததைவிடத் தெளிவாக ஓர் இரவு அறிந்தேன். மாசி மாதம், காலபோக அறுவடை முடிகிற நேரம், எங்கள் பக்கம் யானை இறங்கும் காலம். ஒன்பது மணியளவில் கிளிப்பை மாட்டிக்கொண்டு இருந்தேன், கோடு ஏறி இறங்கிப் பச்சையாய்ப் போய்க்கொண்டிருந்தது, நாடி 70. இரண்டு வயல் தள்ளி யாரோ யானை வெடி போட்டார்கள். திரையைப் பார்த்தபடியே இருந்ததால் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடிகிறது. முதலில் தோள் குலுங்கியது. அடுத்த மூன்று நான்கு துடிப்புக்குள் கோடு செங்குத்தாய் ஏறி 109 ஐத் தொட்டது. அதற்குப் பிறகுதான் அது யானை வெடி என்ற எண்ணமே வந்தது. அதை யார் போட்டிருப்பார், எந்த வயல் என்பதெல்லாம் தெரிந்த பிறகும் நாடி இறங்கவில்லை, உள்ளங்கை வியர்த்தது, நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. முதல் ஏற்றம் வேகசின் கடிவாளம் விடுபட்டதால் வந்தது. அதற்கு ஒரு செக்கனே போதும். பிறகு நீடித்தது பரிவு நரம்பும் அதிரீனலினும் செய்த வேலை; அவை வரவும் நேரமெடுக்கும், போகவும் நேரமெடுக்கும். காது கேட்டது, மூளை ஓடச் சொன்னது, இதயம் ஓடியது, ஓடும் இதயத்தைக் கண்டு மூளை மறுபடி பயந்தது. இந்த மண்ணில் என் வயதுடையவர்களுக்கு வெடிச்சத்தம் வெறும் சத்தமாக ஒருபோதும் இருந்ததில்லை. அதைப் பற்றி இங்கே மேலும் எழுத வேண்டியதில்லை.

அன்று நாடி 80 க்குக் கீழே வர ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பத்து நாள் கழித்து இன்னொரு வெடி. இம்முறை வெளிமூச்சை வலிந்து நீட்டினேன். முதல் நான்கு மூச்சு வெட்டி வெட்டித்தான் போனது, ஐந்தாவதிலிருந்து பிடிகொடுத்தது. மூன்று நிமிடத்துக்குள் 78. இரண்டே இரண்டு தடவையை வைத்து நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், எந்த மாணவரும் அப்படி எழுதினால் நான் புள்ளி குறைத்திருப்பேன். ஆனால் ஏற்றத்தை நிறுத்த முடியாது, இறக்கத்தை விரைவுபடுத்தலாம் என்பது என் உடம்புக்குப் புரிந்துவிட்டது. 2017 இல் இத்தகைய பயிற்சி பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், மக்கள் தாமாகச் சொல்லும் பதகளிப்பும் நெருக்கீடும் நன்றாகவே குறைவதாகக் கண்டார்கள்; அவற்றிற் பல சிறிய ஆய்வுகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் பெரிய முறைப்பாடு இனித்தான் வருகிறது. சித்திரை விடுமுறைக்கு வவுனியாவிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். சின்னவன் என் காதைப் பார்த்து, "அம்மம்மா, உங்கட காதுக்குள்ள மின்மினிப்பூச்சி" என்றான். மூத்தவள் அதைப் பிடிக்க வந்தாள். மூவரும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. கைபேசியைப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. நீங்கள் நெருக்கீட்டில் இருப்பதாகத் தெரிகிறது, கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஆலோசனை வேறு. அடுத்த கிழமை என் தம்பியின் திவசம். அதிகாலையில் அவனுடைய படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு, பழகிய பழக்கத்தில் கிளிப்பையும் மாட்டிக்கொண்டு இருந்தேன். மூச்சு ஆழமாயும் ஆறுதலாயும் போனது. கண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் முடிந்ததும் திரை பச்சையாய் ஒளிர்ந்தது; வெற்றிக் கிண்ணம் ஒன்றின் படம் போட்டு, இதுவரையில் உங்களின் மிகச் சிறந்த நாள் என்று வாழ்த்தியது.

சிரித்தபோது சிவப்பும் அழுதபோது பச்சையும் வந்ததற்குக் கருவியில் பழுது இல்லை. சிரிப்பு மூச்சை உடைத்து உடைத்து விடுகிறது. மூச்சு உடைந்தால் கோடும் உடையும். நிதானமான அழுகை மூச்சை நீட்டும். கருவி தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சரியாகவே வரைந்தது. அந்தக் கோட்டுக்கு மனநிலை என்று பெயர் வைத்தவர்கள் செய்த பிழை அது. 1884 இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், உடலில் நிகழும் மாற்றத்தை நாம் உணர்வதுதான் உணர்ச்சி என்று எழுதினார். 1927 இல் உடற்றொழிலியலாளர் வால்ட்டர் கானன் மறுத்தார்: பயத்திலும் சினத்திலும் காய்ச்சலிலுங்கூட உடம்புக்குள் நடப்பவை ஏறத்தாழ ஒன்றே, அப்படியிருக்க உடம்பை மட்டும் வைத்து எந்த உணர்ச்சி என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டு எவ்வளவோ காலமாகிறது. இந்தச் செயலியை எழுதியவர்களின் காதில் விழவில்லை. மூச்சும் நாடியும் சேர்ந்து போகின்றன, சேர்ந்து போகவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் இந்தக் கருவிக்கு முழுப் புள்ளி கொடுத்திருப்பேன்.

இந்தப் பிழை எனக்கு வேடிக்கையாகத் தெரிந்தாலும் எல்லாருக்கும் அப்படி இருக்காது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவருக்குப் பதினெட்டு வருடமாக நீரிழிவு. ஆசைப்பட்டுக் கேட்டதால் மாட்டிவிட்டேன். எவ்வளவு நிதானமாக மூச்சு விட்டாலும் அவருடைய கோடு வெட்டவெளி வயல் போலத் தட்டையாகவே கிடந்தது. நெடுங்கால நீரிழிவு இதயத்துக்குப் போகும் நரம்பு இழைகளையும் பாதிக்கக் கூடும். அப்படிப் பாதித்தால் துடிப்பின் ஏற்ற இறக்கம் குறைந்துவிடும். செயலிக்கு அது தெரியாது. சிவப்புத் திரையைக் காட்டி, மனதை இலேசாக்குங்கள் என்றது. அக்காவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது, "அப்ப எனக்கு மனம் சரியில்லை எண்டோ உது சொல்லுது?" என்று கேட்டார். அவரைத் தேற்ற எனக்கு அன்றைய பின்னேரம் முழுவதும் போனது; கோட்டைப் பற்றிக் கிளினிக்கில் சொல்லும்படியும் சொல்லிவைத்தேன். இதயத் துடிப்பு ஒழுங்கற்று ஓடும் நோயுள்ளவர்களுக்கும், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இந்தப் புள்ளிகளுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பெழுத்தில் இது இருக்கிறது. முதற் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

எல்லாரையும்விட நல்ல கோடு யாருக்கு வந்தது தெரியுமா? மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் வயதான அம்மா ஒருவருக்கு. வருடந்தோறும் மடு மாதா கோவிலுக்குப் போகிறவர். கண்ணை மூடிக்கொண்டு மூச்சைக் கவனியுங்கள் என்றால் அவருக்கு அது பிடிபடவில்லை, கோடு தள்ளாடியது. நான் செபமாலை சொல்கிறேன் பிள்ளை, உன்ர மெஷினை அது தன்ர பாட்டில பார்க்கட்டும் என்றார். பாதி மந்திரத்தை அவர் சொல்ல மறுபாதியை மருமகள் சொல்ல, மணி ஒவ்வொன்றாக நகர, மூன்றாவது நிமிடத்திலிருந்து கோடு ஒரே சீரான அலையாகிவிட்டது. நான் ஆறு கிழமை பயின்றும் எனக்கு அப்படி ஓர் அலை வரவில்லை. பிறகுதான் நினைவு வந்தது: 2001 இல் இத்தாலிய மருத்துவர்கள் இலத்தீனில் செபமாலை சொல்பவர்களையும் மந்திரம் ஓதுபவர்களையும் அளந்து, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறுக்கு இறங்குவதைக் கண்டிருக்கிறார்கள். நான் தேவாரம் பாடிப் பார்த்தேன். வேகமாகப் பாடினால் மஞ்சள். ஓதுவார் இழுப்பதுபோல் அடியடியாக இழுத்துப் பாடினால் பச்சை. 28,500 ரூபா.

விற்பனைக்குப் பிந்திய சேவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்காம் கிழமையில் வயர் கிளிப்போடு சேரும் இடத்தில் முறிந்தது. கடைக்கு மின்னஞ்சல் போட்டேன்; ஐந்து நாளில் பதில் வந்தது; பழைய வயரை என் செலவில் அனுப்பினால் புதியது தருவோம் என்றார்கள். கூரியர்காரத் தம்பி எங்கள் பக்கம் உள்ளே வருவதில்லை, ஒட்டுசுட்டான் சந்திக்கு வாங்கோ என்பார். பொதியைக் கொடுக்க ஒரு நாள், எடுக்க ஒரு நாள், இரண்டு தடவையும் ஓட்டோ. புதிய வயர் வந்தது, இன்றுவரை பிழையில்லை. பற்றரி ஒருமுறை சார்ஜ் செய்தால் ஐந்து நாள் நிற்கிறது. மின்வெட்டுள்ள ஊரில் அது நல்ல விடயம்.

யார் வாங்கலாம்? கிளினிக் வாங்கிலேயே நெஞ்சு படபடக்கும் என்னைப் போன்றவர்கள், சோதனை மண்டபத்தில் கை நடுங்கும் பிள்ளைகள், மூச்சைக் கவனி என்றால் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பவர்கள், ஒரு மாதத்துக்கு இரவலாகக் கிடைத்தால் தாராளமாகப் பாவிக்கலாம். கண்ணால் ஒருமுறை கண்டுவிட்டால் உடம்பு மறப்பதில்லை. ஒரு பாடசாலையோ உளவளத்துணை நிலையமோ ஒன்றை வாங்கிப் பலருக்கும் சுழற்சியில் கொடுத்தால் விலைக்குப் பெறுமதி உண்டு. வீட்டுக்கு ஒன்று என்று வாங்குவது வீண். பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டு இதை மாட்டலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. எனக்கு ஆறு கிழமையின் முடிவில் கிளினிக்கில் முதல் அளவு 144/88 வந்தது. குளிசையின் அளவு மாறவில்லை, வைத்தியர் மாற்றவும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. திடீர்த் துக்கத்தில் நெஞ்சு நொந்தால், கவலையால்தானே என்று மூச்சுப் பயிற்சியில் உட்கார்ந்துவிடக் கூடாது. பெருந்துக்கமோ பேரச்சமோ தாக்கும்போது இதயத்தின் இடக்கீழறை ஊதிப் பலூன் போலாகித் தளர்ந்துவிடும் நோய் ஒன்று இருக்கிறது. 1990 இல் யப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். ஊதிய இதயம் எட்டுக்கால் கணவாய் பிடிக்கும் பானையின் வடிவத்தில் தெரிந்ததால் அந்தப் பானையின் பெயரையே, தக்கொட்சுபோ என்று, நோய்க்கும் வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அது பெரும்பாலும் வருகிறது. பலர் சில கிழமைகளில் குணமாகிவிடுகிறார்கள் என்றாலும், தொடக்கத்தில் ஈசிஜியிற்கூட மாரடைப்பிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். ஆகவே நெஞ்சு நோவுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்சை வரச் சொல்வதுதான் முதல் வேலை. வருடமும் தொலைபேசி இலக்கமும் ஒன்றாயிருப்பதால் மறக்கவும் மாட்டீர்கள்.

கருவி இப்போது என்னிடம் இல்லை. ஒட்டுசுட்டானில் உயர்தரம் படிப்பிக்கும் என் பழைய மாணவி கொண்டுபோயிருக்கிறாள். அவளுடைய வகுப்பில் பரிவு நரம்பைக் கேட்டு இந்த வருடமும் யாரோ சிரித்ததாகச் சொன்னாள். நான் காலையில் சுவர் மணிக்கூட்டின் செக்கன் முள்ளைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் இருக்கிறேன். தோட்டைக் கழற்ற வேண்டியதில்லை.